கால் ஊன்றும் சத்தம்

சீட் இல்லாத வண்டி.
டெம்போவிலிருந்து இறக்கிய அன்று
வாட்ச்மேன் சுற்றிச் சுற்றி வந்து கேட்டார்,
"உட்கார முடியாதுன்னா
அப்புறம் எதுக்கு மேடம்?"
"பாறை மேல நிக்க" என்றேன்.
அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

லிங்கராஜபுரம், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
பேட்டரியை மட்டும் கழற்றி
இடுப்பில் இடுக்கி ஏறுவேன்.
கிரைண்டருக்குப் பக்கத்து பிளக்கில் சார்ஜ்.
மாவு ஆட்டும் நாளில் இரண்டில் ஒன்றுதான்.
இரண்டையும் போட்டால்
வீடு மொத்தமும் இருட்டு.

டென்சிலுக்கு இந்த வம்பு இல்லை.
ஒரு கேன் பெட்ரோல், ஒரு மூடி டூ-டி ஆயில்.
குலுக்கு, ஊற்று, உதை.
மூன்றாம் உதையில் கத்தும்.
ஏழாம் உதையிலும் கத்தாத ஞாயிறுகள் உண்டு,
அவற்றை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்கு என்று வந்ததால்
பிடதி தாண்டி, தண்ணீர் வற்றிய கல்குவாரியில்
ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் பிடித்தோம்.
ஏழேகாலுக்கு ஆரம்பம்.
அவன் இன்ஜின் உயிரோடு இருந்தது மூன்று மணி நேரம்.
அதில், பாறை முன் நின்று
எந்தப் பக்கம் ஏறலாம் என்று அவன் யோசித்தது
ஒரு மணி இருபது நிமிடம்.
அவ்வளவு நேரமும் அது உறுமிக்கொண்டே குடித்தது.
நான் யோசிக்கும்போது என் வண்டி குடிப்பதில்லை.
நிற்கிற நேரத்துக்கு வாடகை இல்லை.

ஆனாலும் பத்தே முக்காலுக்குக் கடைசிக் கோடு சிவந்தது.
டயாலிசிஸ் வார்டில் வேலை எனக்கு.
நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம்,
நடுவில் எந்திரம் பீப் அடித்தால்
பதறாமல் நடந்து போகக் கற்றவள்.
சிவப்புக் கோட்டுக்கெல்லாம் பயமில்லை
என்று சொல்ல ஆசைதான்.
பயந்தேன்.
குவாரியின் அடியில் நின்றது.
கயிறு கட்டி மேலே இழுத்தான்,
அவன் புகை முழுக்க என் வாய்க்குள்.
கேலி செய்திருந்தால் பரவாயில்லை.
"கயிறு டைட்டா இருக்கா மெர்லின்?"
என்று மட்டும் கேட்டான்.

அது ஞாயிறு.
செவ்வாய் இரவு பத்தரைக்கு
பார்க்கிங்கில் நான்கு சிமென்ட் பிளாக்,
லாரிக்காரர் விட்டுப்போன ஒரு மரப்பலகை.
முன் டயரை ஏற்று, நில், மூச்சு விடு, இறக்கு.
நாயோடு வந்த செக்ரட்டரி ஹெக்டே விசாரித்தார்:
"என்ன மேடம், இன்னும் ஸ்டார்ட் ஆகலையா?"
நாற்பது நிமிடமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

குக் டவுனில் டென்சில் ஒரு உதை உதைத்தால்
மூன்று ஜன்னல் திறக்கும்.
திங்கள் முதல் சனி வரை
தார்ப்பாய்க்குள் இருக்கிறது அவன் வண்டி.
வாரத்துக்கு எனக்கு ஐந்து மணி, உனக்கு மூன்று
என்று விரல் விட்டுக் காட்டினேன்.
"பார்க்கிங்ல ஓட்டுறதெல்லாம் ஓட்டுறதா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
முட்டி வலிக்கு மட்டும் இருக்கிறது.

இந்த விளையாட்டில்
கால் தரையைத் தொட்டால் ஒரு புள்ளி நஷ்டம்.
அவன் ஏறும்போது நான் நடுவர்.
இரைச்சல், தூசு, நீலப் புகை.
"தொடலை" என்பான்.
நம்புவேன், வேறு வழி?
நான் ஏறும்போது
டயர் கல்லைப் பற்றுவது கேட்கும்.
என் மூச்சு கேட்கும்.
தூரத்தில் எவனோ ஆடு கூப்பிடுவது கேட்கும்.
பூட்ஸ் நுனி ஜல்லியில் உரசினால்
முதுகு காட்டி ஆயில் கலந்துகொண்டிருப்பவன்
திரும்பாமலே சொல்வான்,
"ஒண்ணு."

போன வாரம் அவனே கேட்டான்,
ஒரு ரவுண்டு தா என்று.
இரண்டு பாறைக்கு நடுவே அந்த வெடிப்பில்
அழகாகத்தான் ஏறினான்.
உச்சியில் ஒரு நொடி தடுமாற்றம்.
ஜல்லி "க்ரக்" என்றது.
நான் வாயைத் திறக்கவில்லை.
தன் இடது பூட்ஸையே
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு குனிந்து கேட்டான்,
"இது ஆன்லதானே இருக்கு?"