ஞாயிறுகளையும் எண்ணினேன்

மழையை ஆசீர்வாதம் என்று
போதகர் ஜெபிக்கும்போதெல்லாம்
ஆமென் சொல்ல எனக்கு நாக்கு வராது.
ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பளம் தேய்க்கிறவளுக்கு
மழை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

போன ஐப்பசி கார்த்திகை முழுக்க
மாவு பிசுபிசுத்து மூலையில் கிடந்தது.
அந்த அடைமழையில்தான் பைனான்ஸ்காரன் வந்து
குட்டியானையை ஓட்டிக்கொண்டு போனான்.
யோவேல் அதன் பின்னாலேயே
தெருமுக்கு வரை நனைந்துகொண்டு நடந்தான்.
திரும்பி வரும்போது குடித்திருந்தான்.
மார்கழியிலும் குடித்திருந்தான்.
கிறிஸ்துமஸ் அன்று
கேக் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டான்.
தையில் நான் என் தோட்டைத் தேடினேன்.
அவனும் கூடவே தேடினான், பாவம் போல.

கல்லைப் புரட்டச் சொன்னபோது
ஐயோ நாறுமே என்று தடுத்தாளே ஒரு சகோதரி,
பிரசங்கத்தில் அவளை
விசுவாசம் குறைந்தவள் என்பார்கள்.
துணி துவைக்கிறவளைக் கேளுங்கள்,
அவள் சொன்னது எவ்வளவு நிஜம் என்று.

சாம்பல் புதனன்று
‘இனிமே இல்ல’ என்றான் சுவரைப் பார்த்து.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அரிசி டின்னுக்கு அடியில் இருந்த பணத்தை
வேறு இடத்தில் மாற்றி வைத்தேன்.

நாற்பது நாள் என்பது சபையின் கணக்கு.
ஞாயிறுகளைத் தள்ளிவிடுவார்கள்.
நான் தள்ளவில்லை.
ஞாயிறும் கடை திறந்துதானே இருக்கிறது.
மூன்றாம் நாள் கை நடுங்கி டம்ளரைப் போட்டான்.
பத்தொன்பதாம் நாள்
கீழமாசி வீதியில் மூட்டை தூக்கி
முந்நூற்றைம்பது ரூபாயை ஸ்டவ் பக்கத்தில் வைத்தான்.
முப்பதாம் நாள் பதினோரு மணிக்கு வந்து
பஸ் இல்லை என்றான்.
ஊது என்றேன்.
ஊதினான்.

கோயில் வாசலில் ஒரு புங்கை.
மாசியில் மொட்டையாய் நின்றது.
வைகையில் மணல், வானத்தில் வெள்ளை,
ஒரு சொட்டு விழவில்லை.
பங்குனி பாதியில் பார்க்கிறேன்,
எண்ணெய் தடவினாற்போல் இலை, கிளை கொள்ளாமல்.
‘யார்கிட்ட கடன் வாங்குச்சு இது?’
என்று பஞ்சவர்ணம் அக்காவிடம் கேட்டேன்.
அவள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தாள்.
அவளும் கறி தொடுவதில்லை, நானும் இல்லை.
உளுந்து மாவைத் திருகிக்கொண்டே சொன்னாள்:
‘அடியில எங்கயாச்சும் ஈரம் கெடக்கும்டி.’
மொட்டை மாடி முழுக்க அப்பளம் விரித்தோம்.
வெயில் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தது.

நாற்பத்தாறும் முடிந்த விடியலில்
மூன்றரைக்கு விழித்தேன்.
பக்கத்தில் பாய் காலி.
வயிற்றில் ஏதோ உருண்டது.
இந்த நேரத்துக்கும் சந்துக்குள் விற்கிறார்கள்.
செத்தவன் செத்த இடத்திலேயே இருந்தால்
துக்கம்தான், பயமில்லை.
காலியாய்க் கிடக்கிற இடம்தான் பயம்.
பெண்கள் ஏன் அலறிக்கொண்டு ஓடினார்கள் என்று
அப்போது விளங்கியது.

விளக்கைப் போட்டேன்.
போர்வை மடித்து வைத்திருந்தது.
கல்யாணமாகிப் பதினேழு வருஷம்,
அவன் போர்வை மடித்து நான் பார்த்ததில்லை.

குழாயடியில் யாரோ குனிந்து
குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
தெருவிளக்கு எரியவில்லை.
அண்ணே, எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா
என்று கேட்டேவிட்டேன்.
நிமிர்ந்து
‘சீலி’ என்றான்.
ஏய் இல்லை. இந்தாடி இல்லை.
என் பெயர்.

கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி பிடித்துப் பாடிவிட்டு
வெளிச்சம் வந்த பிறகு வீடு திரும்பினோம்.
வழியில் ஒன்றும் பேசவில்லை.
நாற்பத்தெட்டாம் நாள் எப்படியோ, எனக்குத் தெரியாது.
மாற்றி வைத்த இடத்திலிருந்து
ஐந்நூறு ரூபாய் எடுத்து
அரைக்கிலோ கறி வாங்கி வா என்று
அவன் கையிலேயே கொடுத்தேன்.
அந்தச் சந்தைத் தாண்டித்தான் கறிக்கடை.

அவன் தலை தெருமுக்கில் மறைந்தது.
நான் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.