எண் 212

ஞாயிறு, ஐந்தரை மணி.
ராயபுரம் ஸ்டேஷன் தூண்களுக்கு எதிரே
ஷாமியானா, ஒலிபெருக்கி, நாலு கூடை வாழைப்பழம்.
நலத்துக்கும் சுற்றுலாவுக்கும் மிதிப்போம் என்று
பேனர் முழுக்கச் சிரிக்கிறாள் ஒருத்தி.
அவள் தலைக்கவசத்தின் விலையில்
என் மாமியாருக்கு ஒரு மாத மருந்து வரும்.

எனக்கு மடக்கு மேசை, பிரஷர் கருவி, படிவக் கட்டு.
தண்டையார்பேட்டை சுகாதார நிலையத்திலிருந்து
டியூட்டி போட்டிருந்தார்கள்.
ஈடுக்கு ஒருநாள் விடுப்பாம். பார்ப்போம்.

கார் கூரையில் சைக்கிள் கட்டி வந்தவர்கள்
காசிமேடு, திருவொற்றியூர் தேரடி என்று
வரைபடம் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.
மீன் ஏலம் பார்க்க வேண்டுமாம்
மூக்கைப் பொத்தாமல்.

அப்புறம்தான் வந்தார் தேசப்பன்,
புதுசாய் அடித்த நீலக் கோட்டுக்குள்
பிசகாமல்.
பின்னால் மூன்று தண்ணீர் கேன், முன்னால் ஒன்று.
டி-ஷர்ட் பையன் ஒருவன் ஓடிப்போய்
முதுகில் தாளைக் குத்தினான்: 212.
கழுத்தில் பதக்கம். கையில் பழம்.
ஒற்றைக் கால் ஊன்றி
கேன் சரியாமல் எல்லாம் வாங்கிக்கொண்டு கேட்டார்:
"இதுக்கு எவ்ளோம்மா?"

காசில்லை, உட்காருங்க.
வாரத்தில் எத்தனை நாள் சைக்கிள்?
"தண்ணி லாரி வராத அன்னிக்கி லீவு."
மூன்றுக்கு மேல்.
எதற்காக ஓட்டுகிறீர்கள்?
உடல்நலம், பொழுதுபோக்கு, சுற்றுலா.
"நாலாவது மாடி வூடு நெறைய இருக்கும்மா."
சுற்றுலாவை டிக் செய்தேன்,
காலையிலிருந்து யாரும் தொடாத கட்டம் அது.

நங்கூரக் கயிறு மாதிரி கை.
பட்டை சுற்றி வர மறுத்தது.
நூற்று எழுபது, நூற்றைந்து.
மறுபடி அழுத்தினேன்.
அதே.

பக்கத்து மேசை டாக்டர், சின்னப் பையன்,
கைபேசியிலிருந்து நிமிராமல்:
"உப்பைக் குறைங்க. கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணுங்க.
சைக்கிளாவது ஓட்டலாம்."

தேசப்பன் சிரிக்கவில்லை.
"சரிங்க சார்" என்றார்
நிஜமாகவே யோசிப்பவர்போல்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு வாங்க,
மாத்திரை இலவசம் என்று எழுதிக் கொடுத்தேன்.
"எட்டுக்குத்தாம்மா எல்லாரும் தண்ணி கேப்பாங்க."
பத்து என்று திருத்தினேன்.
பத்துக்கு மருந்தாளுநர் டீ குடிக்கப் போயிருப்பார்.
அதை எழுதவில்லை.

எங்கள் வீடும் மூன்றாம் மாடிதான், கொருக்குப்பேட்டையில்.
கேன் கொண்டுவருகிறவர் வேறு ஆள்.
நிலைப்படியில் வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.
பேர் கேட்டதில்லை.

ஏழு மணிக்கு ஒலிபெருக்கி நன்றி சொல்லி அணைந்தது.
நீலக் கோட்டின் மேல்
துறைமுகம் போகிற டிரெய்லர் ஒன்று வந்து நின்றது.
212
இடது கையால் முன் கேனைப் பிடித்தபடி
அதைச் சுற்றிக்கொண்டு போனது.
பதக்கம் கேனில் இடிக்கும் சத்தம்
மேம்பாலம் வரைக்கும் கேட்டது.