மஞ்சள் கல்

ராகவலு நாயுடு அச்சுக்கூடத்தில்
ஆறு நிறத்துக்கு ஆறு கல்.
துறைமுகத்திலிருந்து வைக்கோல் சுற்றி
மாட்டுவண்டியில் வந்த ஜெர்மனிக் கற்கள்.

என் கல் மஞ்சள்.
தாளில் முதலில் விழுவது அதுதான்.
மேலே சிவப்பு, அதன்மேல் நீலம்,
கடைசியில் கறுப்புக் கோடு வந்து
எல்லாம் தன்னால்தான் என்பதுபோல் நிற்கும்.

ராத்திரி வேலையில் அது எனக்கே தெரியாது.
மண்ணெண்ணெய் விளக்கடியில்
மஞ்சள் மை வெறும் தாளாகிவிடும்.
விரல் நுனி ஈரத்தை வைத்து
இங்கே மாம்பழம், இங்கே கம்மல் என்று
கணக்குப் பண்ணுவேன்.

பச்சைக்கு எங்களிடம் கல் கிடையாது.
என் மஞ்சள்மேல் தேவசகாயத்தின் நீலம் படுத்தால்
பச்சை.
ராயபுரத்து மச்சானிடம் சொன்னேன்,
கதை விடாதே என்றான்.

அந்த ஐப்பசியில்
ரங்கூன் போகும் கைலி மூட்டைகளுக்குக்
கிளி மார்க் சீட்டு, நாலாயிரம்.
லிங்கிச் செட்டி தெருவில் முழங்கால் தண்ணீர்.
காலையில் அளந்து வைத்த தாள்
ஈரக் காற்றைக் குடித்து
மத்தியானம் ஒரு நூல் நீண்டிருந்தது.
சிவப்பு விலகி, கிளியின் மூக்கு
கிளியை விட்டு எட்டி நின்றது.
தேவசகாயம் வரவில்லை.
காய்ச்சல் என்றார்கள், சாராயம் என்றும்.
அவன் கல்லை வேறு யார் தொட்டாலும்
மை பிசிறும்.
வியாழக்கிழமை கப்பல்.
நாயுடு வந்தார், பார்த்தார்,
கூரைக்கடியிலும் குடையை மடக்காமல் நின்றார்.
"கறுப்பை ஏத்து."

வானமும் இல்லாமல்
நாலாயிரம் மஞ்சள் கிளிகள்
கடல் தாண்டின.

தை மாதம் கடிதம்.
மஞ்சள் கிளி ஒட்டிய கைலியைத்தான்
அங்கே கேட்கிறார்களாம்.
பச்சைக் கிளியைக் காட்டினால்
போலி என்று தள்ளுகிறார்களாம்.
இன்னும் பத்தாயிரம்.
மூக்கு விலகியே இருக்கட்டும்.

மழையில் தானாக விலகிய மூக்கை
வெயிலில் ஊசி குத்தி, அளந்து, அளந்து
விலக்கினோம்.
தேவசகாயம் இளைத்துப்போய் வந்தான்.
கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டான்.
பிறகு மணலும் தண்ணீரும் போட்டு
தன் கல்லிலிருந்த கிளியை
அவனே தேய்த்து அழித்தான், வானத்தோடு.
மூன்று நாள் என்னோடு பேச்சில்லை.
நாலாம் நாள் நெருப்புக் கேட்டான், சுருட்டுக்கு.

சீட்டு ஒன்றை மடிக்காமல்
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
சுலைகா விளக்கைத் தூண்டிவிட்டு
கிட்டப் பிடித்து, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.
"கோடு இருக்கு. ஒரு மூக்கு தனியா இருக்கு.
கிளி எங்கே?"

விடியட்டும் என்றேன்.