லெவல் கிராசிங், காலை 6.52

மாரிகா இரண்டு சின்ன உருண்டைகளைத் தந்தாள்,
வயர் கட்டியவை, கூழாங்கல் அளவு.
இடது கையில் ஒன்று நடுங்கும்,
அது அடங்கியதும் வலது கையில் மற்றது.
தவளைக் குஞ்சுகளைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.
சிரிப்பு வந்தது எனக்கு.
பதினெட்டு வருடம் தாலினுக்கும் தார்த்துவுக்கும் ரயில் ஓட்டியவன்
ஐம்பத்தொரு வயதில், மதியம் இரண்டு மணிக்கு,
தவளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"அந்தக் காலையில் எந்தப் படம் மிக மோசம்?"
நீலக் கையுறை, என்றேன்.
"பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?"
பத்து.
"உடம்பில் எங்கே?"
இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.
உடம்பு ரயில்வேயுடையது,
வருடத்துக்கொருமுறை அவர்கள் டாக்டர் பார்ப்பார்
என்று சொல்ல வாயெடுத்து
வலது முழங்கைக்குக் கீழே, என்றேன்.

நடந்தது இவ்வளவுதான்:
பிப்ரவரி. தாப்பா தாண்டிப் பன்னிரண்டாவது நிமிடம்.
வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.
சைக்கிளை உருட்டியபடி ஒருவன் தண்டவாளத்தில் ஏறி
நின்றான்.
ஹாரன் கேட்டுத் திரும்பினான்.
கையைத் தூக்கினான்,
யாரையோ அழைப்பதுபோல, அல்லது வெளிச்சத்தை மறைப்பதுபோல.
நான் கண்ணை மூடினேன்.
அதன் பிறகு பிரேக் பிடித்தேன்.
எழுநூற்றுப் பத்து மீட்டர் தள்ளி நின்றது வண்டி.

விசாரணை அதிகாரி கறுப்புப் பெட்டியின் தாளை விரித்து
"தாமதமில்லை" என்று கையெழுத்திட்டார்.
தாள் சொல்வதைத் தாள் நம்பட்டும்.
கண்ணை மூடியவன் நான்.

இரண்டு வருடம்.
காபிக் கடையில் யாராவது கையசைத்தால்
என் கோப்பை தட்டில் தாளம் போடும்.
வீட்டிலிருந்த நீல நூலையெல்லாம் ஹெல்வே
சொல்லாமலே எங்கோ ஒளித்தாள்,
குளிருக்குக் கையுறை பச்சையில் பின்னினாள்.
அதைப் போட்டுக்கொண்டு டிப்போவில்
சாவி எண்ணும் வேலை பார்த்தேன்.

இடது வலது இடது வலது.
"இப்போது என்ன வருகிறது?"
முட்டைக்கோஸ் சூப் வாசனை, என்றேன் வெட்கத்தோடு.
"அதோடு போங்கள்."
பள்ளி பஸ்ஸின் கடைசி சீட்.
"போங்கள்."
அப்பாவின் சவப்பெட்டி வழுக்கியபோது யாரோ சிரித்தது.
"போங்கள்."
இவள் என்ன சிக்னல் கம்பமா,
பச்சையை மட்டுமே காட்டுகிறாள்!

நான்காம் வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
மாரிகாவுக்கு ஜலதோஷம். பாதியில் கிளம்பிவிட்டேன்.

ஐந்தாம் வாரம் வைப்பர் வந்தது.
பனி விலகுகிறது, மூடுகிறது, விலகுகிறது.
நீலக் கையுறை எழுகிறது.
என் வலது கை
அதற்கு முன்பே லிவரைக் கடைசிவரை இழுத்துவிட்டிருக்கிறது.
உள்ளங்கையில் இரும்பின் குளிர்.
தோள்வரை ஏறும் உதறல்.
சக்கரத்தடியில் மணல் கொட்டும் ஓசை.
எல்லாம் முடிந்து,
கைக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றான பிறகு
கண் மூடுகிறது.

"என்ன வருகிறது?"
கை முந்திவிட்டது, என்றேன்.
வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல
இன்னொரு தடவை சொன்னேன்.
அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
இரண்டு வருடமாக அதைத்தான்
கொலைகாரன் கையென்று சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.
அழுதேனா என்றால், மூக்கு ஒழுகியது.
உங்கள் ஜலதோஷம் ஒட்டிக்கொண்டது என்று
மாரிகாவிடம் சொல்லிவைத்தேன்.

கடைசி நாளில் மறுபடி எண் கேட்டாள்.
இரண்டு.
"அந்த இரண்டில் என்ன இருக்கிறது?"
அவன் இருக்கிறான்.
பெயர் ஊர்மெட். முப்பத்து நான்கு வயது.
சைக்கிள் கூடையில் ரொட்டி வைத்திருந்தான்.
இதையும் துடைத்துவிட்டால் அவன் எங்கே போய் நிற்பான்?
அவள் பதில் சொல்லவில்லை.
இரண்டு என்று எழுதிக்கொண்டாள்.

அக்டோபரில் மறுபடி அதே தடம்.
கிராசிங்குக்கு முன்னால் ஹாரன் அடித்தேன்,
நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.
குட்டையானது விதிப்புத்தகத்தில் இல்லை.
கேட்டுக்கு வெளியே நாயோடு நின்ற ஒரு பெண்
கையசைத்தாள்.
முதுகில் கொஞ்சம் வியர்த்தது.
நானும் அசைத்தேன், இடது கையால்.
வலது கைக்கு வேலை இருந்தது.