உதட்டசைவு

மண்டபம் வடக்குத் துறையில்
விடியாத நாலரை மணிக்கு
என் தொண்டைக்குத்தான் முதல் வேலை.
'நண்டு ஒரு கூடை ஆயிரத்து நூறு,
நூத்தம்பது, கேளுங்கய்யா, இருநூறு...'
கேரளா லாரிக்காரர் புருவத்தை அசைத்தால்
அது ஐம்பது ரூபாய்.
மூக்கைச் சொறிந்தால் வெறும் அரிப்பு.
எனக்கு வித்தியாசம் தெரியும்.

ஏலம் முடிந்து
ஐஸ் பொடி காலடியில் கரையும் நேரம்
யாராவது ஒரு புது ஆளைக் கூட்டி வருவார்கள்.
'இவருதாங்க. அந்தப் படத்துல வர்ற பொடியன்.'
வந்தவர் என் முகத்தில் எதையோ தேடுவார்.
பிறகு வசனத்தைக் கேட்பார்.

'அலைக்கு என் பேரு தெரியும்பா.'

சொல்வேன்.
அவர் முகம் சுருங்கும்.
வயசு, பீடி, உப்புக்காற்று என்று
அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொள்வார்.
அதுவல்ல.
படத்தில் பேசியது நானே இல்லை.

என் பேச்சு
கம்பெனிக்குப் பிடிக்கவில்லை.
கடற்கரைப் பேச்சு, மூக்கால் வருகிறது என்றார்கள்.
எங்கோ ஒரு இருட்டறையில்
மூன்று பிள்ளை பெற்ற ஒரு அம்மாள்
என் உதட்டில் ஏறி உட்கார்ந்து பேசினாள்.
அவளுக்கு இப்போது எண்பது இருக்கலாம்.
பால் பூத் வரிசையில் அவளை யாராவது
சொல்லச் சொல்லிக் கேட்பார்களா?
இன்னாசி என்ற பெயரையும் எடுத்துவிட்டார்கள்.
டைட்டிலில் மாஸ்டர் கிரண்.
ஆக, அலைக்குத் தெரிந்தது யார் பேர்
என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஒன்பது படம்.
சாலிகிராமத்து வாடகை அறையில்
கண்மையால் கதவில் என் உயரத்தைக் குறிப்பாள் அம்மா.
கோடு ஏறினால்
மற்ற வீடுகளில் சிரிப்பார்கள்.
என் அம்மா ராத்திரி முட்டையை நிறுத்தினாள்.
அவளும் சாப்பிட மாட்டாள், அதையும் சொல்ல வேண்டும்.
பதின்மூன்றில் ஒரு தை மாதம்
குரல் உடைந்து நாலு விரல் வளர்ந்துவிட்டேன்.
மானேஜர் என்னைப் பார்த்து
'ஐயையோ' என்றார்.
அவ்வளவுதான்.

ராமேஸ்வரம் ரயிலில்
பரமக்குடி வரை அம்மா பேசவில்லை.
பரமக்குடியில் அவித்த முட்டை நாலு வாங்கி
உரித்து, உப்புத் தொட்டு
ஒவ்வொன்றாய் நீட்டினாள்.
நாலும் எனக்கே.

போன செவ்வாய்
ஏலம் நடக்கும்போது
எதிர் டீக்கடை டிவியில் அந்தப் படம்.
எங்களுக்காகச் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள்.
பையன் கரையில் நிற்கிறான்.
வாய் அசைகிறது.
ஊமைப் படமாய்ப் பார்த்தபோதுதான்
நினைவு வந்தது:
அன்று வெயிலில் வசனம் மறந்துபோக
உதவி டைரக்டர் குனிந்து சொன்னார்,
'நம்பர் சொல்லுடா போதும்,
அப்புறம் பாத்துக்கலாம்.'

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.
ஊரே அழுத காட்சி அது.

'இன்னாசி, நிறுத்திட்டியே!'
கூட்டம் கத்தியது.
எந்த விலையில் விட்டேன், முந்நூறா, நானூறா?
லாரிக்காரர் கை மூக்குக்குப் போனது,
புருவமும் லேசாய் ஏறியது.
ஐம்பதா, அரிப்பா
அன்றைக்கு மட்டும்
எனக்குத் தெரியவில்லை.