பாதை

எட்டாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பிகள் முப்பத்தொன்று
மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல்.
குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்தபடி
சிவப்புப் பேனையைத் திறக்கிறேன்.

துவாரகி எழுதியிருக்கிறாள், இங்கிலீஷில்:
மாமி வீட்டுக்கு ‘பாத்’தில் ஏறிப் போனோம்,
பாத் நடு ஆற்றில் நின்றுவிட்டது.

வட்டம் போட்டேன்.
மேலே ‘ஃபெரி’ என்று திருத்தினேன்.
அகராதி என் பக்கம்.

ஃபெரி என்றால் எனக்குப் புகைபோக்கி,
சங்கொலி, கோட்டுப் போட்ட சனம்.
பத்தொன்பது வயதில் குப்பி விளக்கில்
பாதிச் சொல் விளங்காமல் வாசித்த நாவலில் வந்தது.
ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

இங்கே இரும்புத் தட்டு, இருமும் எஞ்சின்,
இரண்டு நெல் மூட்டை,
தண்ணீரைப் பார்க்க மறுக்கும் ஒரு கன்றுக்குட்டி.
ஏறி நின்றேன்.
மண்டூர்க் கரை மெல்ல என்னிடம் வந்தது.

இருபது வருடமாய் இங்கிலீஷில் டயரி எழுதுகிறேன்.
எழும்பினேன், குளித்தேன், பள்ளிக்குப் போனேன்.
ஒரு பிழையும் இல்லை.
ஒரு வரியாவது
நடு ஆற்றில் நின்றதுமில்லை.

சிவப்பு மை அழியாது.
வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டேன்,
கோணலாய் விழுந்தது.
அதிபர் கேட்டால்
ஆறு ஆட்டியது என்பேன்.