சும்மா ஒரு சுற்று

சனிக்கிழமை பத்தரை மணிக்குத்தான் தெரிந்தது
கார் செத்துப்போயிருக்கிறது என்று.
சாவியைத் திருப்பினேன்.
ஓர் இருமல்கூட இல்லை.
கடைசியாக எப்போது எடுத்தோம் என்று கேட்டதற்கு
முட்டையைப் புரட்டியபடியே லோவல் சொன்னான்:
"பல் டாக்டர்."

பல் டாக்டர் ஏப்ரலில்.
இப்போது கொல்லையில் செர்ரி பழுத்து
பாதியை ராபின்கள் தின்று முடித்தாயிற்று.
இத்தனை நாளும் யாருமே அதைத் தேடவில்லை.
முன் கண்ணாடியெங்கும் மேப்பிள் விதைகள் அப்பிக் கிடந்தன.
வைப்பருக்கு அடியில்
ஒரு சிலந்தி குடித்தனம் போட்டிருந்தது.

எதிர்வீட்டுக் கொவாச்
குளியல் அங்கியோடு, தோளில் கேபிளோடு வந்தார்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
என்ஜின் திடுக்கிட்டு எழுந்தது.
"அணைத்துவிடாதே.
இருபது நிமிடமாவது ஓட்டு. எங்கேயாவது.
சும்மா ஒரு சுற்று."

சும்மா ஒரு சுற்று
என்பதற்குத்தான் எங்கள் ஊரில் சனிக்கிழமை என்று பெயர்.
ஆனால் அது காலால் சுற்றுவது.
வீட்டிலிருந்து ஆர்டிட்டாவின் அடுமனைக்கு அறுநூறு அடி;
எனக்கு அது ஒரு மணி நேரம்.
ப்ரூயிட் வீட்டு ஒற்றைக்காது நாய்க்குக்
கழுத்தைச் சொறிந்துவிட வேண்டும்.
கோடைக்கு ஒரு நிறமாக வாசற்கதவை மாற்றுகிறவரிடம்
இந்த ஆரஞ்சு பரவாயில்லை என்று பொய் சொல்ல வேண்டும்.
வேலிப் பெட்டியில் யாரோ விட்டுப்போன புத்தகத்தை எடுத்து
நின்றபடியே மூன்று பக்கம் படித்து
மறுபடி வைத்துவிட வேண்டும்,
அடுத்த வாரம் நான்காம் பக்கத்துக்காக.

காரில்
அடுமனை வந்ததே தெரியாமல் போய்விட்டது.
முடிதிருத்தகம், நூலகம், தபால் நிலையம்,
ஒரு விக்கலுக்கு ஒன்றாக.
கண்ணாடி ஏற்றியிருந்ததால் ரொட்டி மணக்கவில்லை.
இறக்கினேன்; அதற்குள் சிமென்ட் ஆலை வந்துவிட்டது.
நான்கு நிமிடத்தில் ஊர் முடிந்து
பக்கத்து ஊரின் பலகை என்னை வரவேற்றது.
இவ்வளவுதானா நம் ஊர்?
பன்னிரண்டு வருடம் நடந்தும்
இன்னும் முடியாத ஊர்?

திரும்பினேன்.
இரண்டாம் முறை கடந்தபோது கையசைத்தார்கள்.
மூன்றாம் முறை உற்றுப்பார்த்தார்கள்.
நடைபாதையில் சதுரங்கம் ஆடும் கிழவர்களில் ஒருவர்
குதிரையைக் கையில் தூக்கியபடி கத்தினார்,
"வழி தவறிவிட்டாயா?"
ஆமாம் என்றுதான் தோன்றியது.
அடுத்த சுற்றில் ஆர்டிட்டா
தெருவோரம் வந்து நின்று,
நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் நீட்டுவார்களே, அப்படி
ஒரு காகிதப் பையை ஜன்னல்வழி நீட்டினாள்.
பாலாடைக்கட்டி அடை. சுடச்சுட.
"லோவல் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்" என்றாள்.
பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.
இந்தத் தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டு
எத்தனை நாளாகிறது,
அதுவும் எனக்காக.

இருபதாவது நிமிடம்
நூலகத்துக்கு முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது.
நிறுத்தினேன். படியில்
செய்தித்தாளின் பாதியை எனக்கென்று மடித்துவைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தான் லோவல்.
அடையைப் பிய்த்துத் தின்றோம்.
மடியெல்லாம் எள்.
பிறகு தெருக்கோடி மரப்படிகளில் இறங்கி ஏரிக்கு.
தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருந்தது.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால்வரை நின்றோம்.
ஒரு பையன் வாத்துகளுக்கு வரிசையாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான்.
எல்லாவற்றுக்கும் கெவின்.
ஆரஞ்சுக் கதவைத் தாண்டி
இருட்டும் நேரத்தில் வீடு திரும்பினோம்.
ஞாயிறும் அப்படியே போயிற்று,
ஐஸ்கிரீம் வரிசையில், தக்காளி நாற்றுப் பேரத்தில்.

திங்கள் மாலை
குப்பைத்தொட்டியை இழுத்துவரப் போன லோவல்
உள்ளே வந்து மெதுவாகக் கேட்டான்:
"நம் கார் எங்கே?"

நடந்துபோய்ப் பார்த்தோம்.
வைப்பரில் செருகியிருந்த மஞ்சள் சீட்டில்
இருபத்தைந்து டாலர் அபராதம்.
அதன் ஒரு முனையிலிருந்து பக்கக் கண்ணாடிவரை
புதிதாக ஓர் இழை ஓடியிருந்தது.
சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம்,
இருவருமே.